ஸ்டெயின்லெஸ் கைத்துப்பாக்கியை வீட்டிலேயே பீட் பிளாஸ்டிங் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள், கீறல் விழுந்த தங்கள் ரிவால்வரையோ பிஸ்டலையோ காட்டி, "இதைப் பளபளப்பில்லாத சாம்பல் நிறத்துக்கு நானே மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. கராஜில் ஒரு பிளாஸ்டிங் கேபினெட் (துகள் வெளியே தெறிக்காமல் உள்ளே வைத்து அடிக்கும் மூடிய பெட்டி) வைத்திருப்பதன் பலன் அது. சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு உரியவை. இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் மூன்றாம் கேள்வியைப் படிக்கவும்.

1. பீட் பிளாஸ்டிங் என்றால் என்ன? பெயின்ட் மாதிரி ஏதாவது பூசுவார்களா?

எதுவும் பூசப்படுவதில்லை. அழுத்தப்பட்ட காற்று மிக நுண்ணிய துகள்களை உலோகத்தின் மீது வீசுகிறது. அவை மோதிய இடமெல்லாம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத சிறு குழிகள் விழுகின்றன. வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால் மின்னுகிறது. குழிகள் நிறைந்த பரப்பு எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் மங்கலான வெள்ளிச் சாம்பலாகத் தெரிகிறது. அதாவது நீங்கள் செய்வது அலங்காரம் என்று தோன்றினாலும், உண்மையில் அது எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் செய்யப்படும் சேதம். அந்த "ஒரே அளவு" என்பதில்தான் வேலையின் கடினம் முழுவதும் இருக்கிறது.

2. என்னுடையது ஸ்டெயின்லெஸ் என்றுதான் வாங்கினேன், ஆனால் காந்தம் ஒட்டுகிறதே? ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களை வைத்து நாம் பழகிய சோதனை இது. நல்ல பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகையில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன. அதில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் பலவீனமாகவே ஒட்டும். துப்பாக்கிக்கு வேண்டியது கடினப்படுத்தக்கூடிய எஃகு என்பதால், பேரலுக்கும் (குண்டு செல்லும் குழல்) ஸ்லைடுக்கும் (பிஸ்டலின் மேலே முன்பின் சறுக்கும் பாகம்) 416, 410 போன்ற வகைகளையோ 17-4 என்ற வகையையோ பயன்படுத்துகிறார்கள். இவை எல்லாவற்றிலும் காந்தம் நன்றாக ஒட்டும். குரோமியம் குறைவாக இருப்பதால் 400 வரிசை எஃகில் துருவும் எளிதாக வரும். "எவர்" சில்வர் என்ற பெயரை இங்கே நம்பிவிடக் கூடாது.

ஆகவே காந்தம் எதையும் தீர்மானிக்காது. தயாரிப்பாளரின் கையேடோ, அந்த மாடலின் விவரப் பட்டியலோதான் தீர்மானிக்கும். ஏமாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, சாதாரண எஃகின் மீது நிக்கலோ குரோமோ முலாம் பூசிய துப்பாக்கி: அதைப் பிளாஸ்டிங் செய்தால் முலாம் பிய்ந்து உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கத் தொடங்கும். மற்றொன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்லைடும் அலுமினிய பிரேமும் (கைப்பிடியோடு கூடிய உடல்பாகம்) கொண்ட பிஸ்டல்: அலுமினியத்தின் மேலுள்ள அனோடைஸ் படலம் (மின்முறையில் உண்டாக்கிய காப்புப் படலம்) துகள் பட்ட மறுகணமே போய்விடும். 1965இல் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 60 ஸ்டெயின்லெஸ் ரிவால்வரை வெளியிடும் வரை, வெள்ளியாக மின்னிய கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் முலாம் பூசியவையே. உங்களுடையது அதற்கும் முந்தியது என்றால் கேபினெட்டின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

3. வீட்டில் செய்வது சட்டப்படி சரியா? நண்பருக்கும் செய்து கொடுக்கலாமா?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, சட்டப்படி உங்களுக்குச் சொந்தமான துப்பாக்கியின் மேற்பரப்பை நீங்களே மாற்றிக்கொள்ள உரிமம் வேண்டியதில்லை. அதையே பிறருக்குத் தொழிலாகச் செய்தால், மேற்பூச்சு மாற்றுவது மட்டுமே வேலை என்றாலும், நீங்கள் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் என்ற வகைக்குள் வந்துவிடுவீர்கள். அதற்குக் கூட்டாட்சி உரிமம் கட்டாயம். நண்பருக்கு இலவசமாகச் செய்வது தொழில் ஆகாது என்றாலும், சில மாநிலங்களில் ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவர் வீட்டில் விட்டுச் செல்வதே கைமாற்றமாகக் கருதப்படலாம். நண்பர் கூடவே இருக்க, அவர் துப்பாக்கி அவர் கண்முன்னே இருக்கும்படி செய்வது நல்லது.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எச்1பி போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம்; கிரீன் கார்டு பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. விசாவில் இருக்கும் நண்பரைத் "துணைக்கு" அழைத்து வேலையை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியைத் தயாரிப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. அங்கே உரிமம் பெற்ற ஆயுதக் கடையிடம் ஒப்படைப்பதுதான் முறை.

4. வரிசை எண் பொறித்த இடத்திலும் லேசாக அடித்துவிடலாமா? இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தெரியுமே?

தெரிந்தால் தெரியட்டும். வரிசை எண்ணை அழித்த, மாற்றிய துப்பாக்கியை வைத்திருப்பது அமெரிக்காவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; இந்தியச் சட்டமும் அதைத் தனியே தடை செய்கிறது. ஆழமாகப் பொறிக்கப்பட்ட எண், பிளாஸ்டிங்குக்குப் பயன்படும் கண்ணாடி மணியால் அழிந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் இன்றைய லேசர் எழுத்துகள் பல ஆழமற்றவை, பிளாஸ்டிங்குக்குப் பயன்படும் இன்னொரு துகளான அலுமினியம் ஆக்சைடு அவற்றைச் சில நொடிகளில் மங்கச் செய்துவிடும், மங்கியதை மீட்க முடியாது. எண்ணின் மீது இரண்டடுக்குத் தடித்த வினைல் டேப்பைச் சதுரமாக வெட்டி ஒட்டுங்கள். ஓரம் நேராக இருந்தால் அந்தச் சிறு பளபளப்பான கட்டம், வேண்டுமென்றே வைத்த பெயர்ப்பலகையைப் போல அழகாகவே இருக்கும்.

5. கண்ணாடி மணியா, அலுமினியம் ஆக்சைடா? எது நல்லது?

இரண்டும் இரு வேறு வேலைகளைச் செய்கின்றன. கண்ணாடி மணி உருண்டையானது. அது உலோகத்தை வெட்டாமல், சுத்தியால் தட்டுவதுபோல் அமுக்குகிறது. கிடைப்பது பட்டுப்போன்ற மென்மையான, சற்றே வெளிச்சம் கொண்ட சாம்பல். அலுமினியம் ஆக்சைடு கூர்முனைகள் கொண்ட மணல் போன்றது; கடினத்தன்மை மோஸ் அளவில் 9, கண்ணாடி அதில் 5 முதல் 6 வரைதான். அது உலோகத்தைக் கீறி வெட்டுவதால் இருண்ட, உலர்ந்த, ஒளியே இல்லாத சாம்பல் கிடைக்கும். அந்தச் சொரசொரப்பு கை எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் 17ஆம் கேள்வி பெரும்பாலும் இப்படிச் செய்தவர்களிடமிருந்தே வருகிறது.

பிளாஸ்டிங்கோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு நான் கண்ணாடி மணியையே சொல்வேன். கடையில் எண்களால் விற்பார்கள்: 8ஆம் எண் என்றால் சுமார் 150 முதல் 210 மைக்ரான், 10ஆம் எண் 90 முதல் 150, 13ஆம் எண் 45 முதல் 90. முதல் முறை செய்பவருக்கு 10ஆம் எண் போதும். நுண்மை கூடக் கூடப் பரப்பு மென்மையாகவும் சற்று வெளிச்சமாகவும் வரும். செராகோட் போன்ற பூச்சு அடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், பூச்சு பிடித்துக்கொள்ள வேண்டிய காரணத்தால், அலுமினியம் ஆக்சைடுதான் சரி. முதலில் ஆக்சைடால் லேசாக அடித்துப் பழைய கோடுகளை ஒன்றாக்கி, பிறகு கண்ணாடி மணியால் மென்மையாக்கும் இரட்டை முறையும் உண்டு.

6. கடையில் மூட்டையாக விற்கும் சாதாரண மணல் போதாதா? மலிவாக இருக்கிறதே?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் நான் விவாதத்துக்கு இடம் வைக்காத ஒரே பதில் இது. சாதாரண மணல் பெரும்பகுதி படிக சிலிக்கா. மோதி உடையும்போது மூச்சில் நுரையீரலின் அடி வரை செல்லும் தூளாகிறது, அந்தத் தூள் தரும் சிலிகோசிஸ் நோய்க்கு மருத்துவமில்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1974லேயே மணல் வீச்சுக்குச் சிலிக்கா மணலைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுக்கச் செய்ய மணல் வீசிய இளைஞர்கள் பலர் இந்நோயால் இறந்த பிறகு, 2009இல் அங்கே அந்த வேலை தடை செய்யப்பட்டது.

கண்ணாடி மணியில் படிக சிலிக்கா இல்லை என்பதால் முகக்கவசம் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். உடைந்த கண்ணாடித் தூளோடு, துப்பாக்கியிலிருந்து வரும் ஈயமும் சேர்ந்திருக்கும். பெரும்பாலான தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் இருக்கும், தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) ஈயச் சேர்மம் இருக்கிறது. குண்டிலும் ஈயம் உண்டு. எனவே கேபினெட்டில் வைக்கும் முன் எல்லாப் பாகங்களையும் கரைப்பானால் நன்றாகக் கழுவுங்கள்; மிக நுண்ணிய தூளையும் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய அரை முகக்கவசம் அணியுங்கள்; கேபினெட்டின் தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். குழந்தைகள் உள்ள வீடென்றால், வேலை உடையோடு வீட்டுக்குள் போக வேண்டாம்.

7. என்னிடம் சின்ன கம்ப்ரசர்தான் இருக்கிறது. டயருக்குக் காற்றடிப்பது. போதுமா?

சாதாரண வீட்டுக் கேபினெட், நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்றை விழுங்கும். 120 வோல்ட் பிளக்கில் ஓடும் வீட்டுக் கம்ப்ரசர் 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் சுமார் 5 கன அடிதான் தரும். தொட்டி பெரிதாக இருந்தால் சமாளிக்கலாம்: அரை நிமிடம் அடிப்பது, தொட்டி நிரம்பக் காத்திருப்பது, மறுபடி அடிப்பது. ஒரு பிஸ்டலுக்குப் பொறுமை இருந்தால் இது நடக்கும். ஆனால் அழுத்தம் விழ விழ அடிப்பதைத் தொடர்ந்தால் தொடக்கத்தில் அடித்த பகுதி ஒரு மாதிரியும் முடிவில் அடித்தது வேறு மாதிரியும் தெரியும்.

கம்ப்ரசரின் அளவைவிட அதிகம் பேரைத் தோற்கடிப்பது ஈரம். அழுத்தப்பட்ட காற்று குளிர்ந்ததும் நீராகிறது. நீர் பட்ட மணிகள் ஈர மாவு போலக் கட்டிபிடித்து நாசிலை (துகள் வெளிவரும் முனையை) அடைக்கும். கம்ப்ரசரிலிருந்து சற்றுத் தொலைவில், காற்று ஓரளவு ஆறிய இடத்தில் நீர்ப்பிரிப்பானைப் பொருத்துங்கள். வேலைக்கு முன் தொட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை வடியுங்கள்.

8. அழுத்தம் எவ்வளவு வைப்பது? கூட வைத்தால் சீக்கிரம் முடியுமா?

கண்ணாடி மணிக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ. நான் 40இல் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் ஏற்றுவேன். கூட வைத்தால் மணிகள் உடைந்து கூர்மையான சில்லுகளாகி, நீங்கள் வாங்கியது கண்ணாடி மணி என்றாலும் அடிப்பது உடைந்த கண்ணாடியாக இருக்கும். பரப்பும் ஐந்தாம் பதிலில் சொன்ன ஆக்சைடுப் பரப்பை நோக்கிப் போகும்.

9. முழுவதும் கழற்ற வேண்டுமா? வெளியே மட்டும்தானே அடிக்கப் போகிறேன்?

கடைசி ஊசி வரை கழற்ற வேண்டும். முதலில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுத்து, சேம்பரைக் (சுடும் தோட்டா அமரும் அறையைக்) கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மணிகள் நீர் போலப் பாயக்கூடியவை. ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்துப் பற்றவைக்கும் ஊசி) குழாய், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) பள்ளம், பாதுகாப்பு விசையின் துளை என்று எங்கே நுழைந்தாலும் அங்கே இயங்கும் பாகத்தைத் தடுக்கும். ஃபயரிங் பின் முன்னோக்கிய நிலையில் சிக்கிக்கொண்டால் துப்பாக்கி தானாக வெடிக்க வாய்ப்பிருக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

உங்கள் மாடலை முழுவதும் கழற்றிப் பூட்டிப் பழக்கமில்லை என்றால், பிளாஸ்டிங்கை ஒத்திவைத்து, முதலில் இரண்டு மூன்று முறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ரிவால்வரில் உள் பாகங்களை மூடியிருக்கும் பக்கத்தகட்டை நெம்பி எடுக்கக் கூடாது. திருகுகளைக் கழற்றிவிட்டுப் பிரேமின் கைப்பிடிப் பகுதியை மரப்பிடியால் தட்டினால் அதிர்வில் தானே எழும். உள்ளிருப்பவற்றை எடுத்த பிறகு தகட்டை மீண்டும் பொருத்தி, அதோடு சேர்த்தே அடியுங்கள். தனியாக அடித்தால் ஓரங்கள் மழுங்கி, பூட்டிய பின் இணைப்புக்கோடு அசிங்கமாகத் தெரியும். நான் ஒருமுறை தனியாக அடித்தேன். இன்றும் அந்தக் கோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

10. எந்தெந்த இடத்தை மறைக்க வேண்டும்?

உலோகமும் உலோகமும் உரசும் இடம், குண்டும் வாயுவும் செல்லும் இடம், இந்த இரண்டையும் துகள் தொடக்கூடாது. பேரலின் உட்புறத்தையும் சேம்பரையும் இரு முனையிலும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள். பேரலின் வாய்விளிம்பு சொரசொரப்பானால் குறி தவறும். சேம்பர் சொரசொரப்பானால் சுட்ட தோட்டாவின் கூடு சிக்கும். ரிவால்வரில் சிலிண்டரின் அறைகள், பின்புறப் பல்சக்கரம், சிலிண்டரைத் தாங்கும் கையின் தண்டு ஆகியவையும் இதில் சேரும். பிஸ்டலில் ஸ்லைடும் பிரேமும் சறுக்கும் தடங்களைக் கண்டிப்பாக மூட வேண்டும். ஸ்டெயின்லெஸ் மீது ஸ்டெயின்லெஸ் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் குணம் இயல்பிலேயே உண்டு. தடத்தைச் சொரசொரப்பாக்கினால் அந்தக் குணத்துக்குத் தீனி போட்டதாகும்.

இரவில் ஒளிரும் சைட்டுகளில் (குறிபார்க்கும் பாகங்களில்) டிரிட்டியம் வாயு அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. அவற்றை டேப்பால் மூடுவது போதாது, கழற்றியே எடுக்க வேண்டும்; டிரிட்டியம் கதிரியக்கம் உடையது, குப்பியைக் கேபினெட்டுக்குள் உடைப்பது வேடிக்கையல்ல. மறைப்பதற்குச் சாதாரண காகித டேப் பத்து நொடி தாங்காது. வினைல் டேப்போ பிளாஸ்டிங்குக்கென்றே விற்கும் ரப்பர் டேப்போதான் சரி. மறைக்கும் வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும், அடிக்கும் வேலைக்குப் பத்து நிமிடம். இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தால் எங்கோ அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

11. ஆழமான கீறல் இருக்கிறது. பிளாஸ்டிங் அதை மறைத்துவிடும் அல்லவா?

மறைக்காது, எடுத்துக் காட்டும். ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) உரசிய மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் எதுவும் மறையாது. சுற்றிலும் சீரான மங்கல் வந்தபின் அந்தக் கீறல் மட்டும் கோடாக நிற்கும். அதை முதலில் 220, பிறகு 320 எண் உப்புத்தாளால், தட்டையான கட்டையைச் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். இதற்கு மேல் பாலிஷ் தேவையில்லை. மாடல் பெயரோ வரிசை எண்ணோ உள்ள பகுதியில் கீறல் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் அறிவு.

12. எப்படி அடிப்பது? கை எப்படிப் போக வேண்டும்?

சுவருக்கு வெள்ளையடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழுப்பின் மீது அடுத்த இழுப்பு பாதி ஏறும்படி முதலில் நீளவாக்கில் ஒரு முறை, பிறகு குறுக்குவாக்கில் ஒரு முறை. நாசில் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல், பரப்புக்குச் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். நேர் செங்குத்தாகப் பிடித்தால் திரும்பி வரும் மணிகள் வரும் மணிகளோடு மோதி உடையும். கை நிற்கக் கூடாது. விசையை அழுத்தும்போதும் விடும்போதும் நாசில் பாகத்தை விட்டு விலகியே இருக்க வேண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் தெறிக்கும் துகள் சீராக வருவதில்லை.

அடிக்கும் முன் அசிட்டோனில் எண்ணெய் நீக்கி, அதன்பின் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அசிட்டோனை வெளியில் வைத்துப் பயன்படுத்துங்கள், பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள். முதல் அடியைத் துப்பாக்கியில் அடிக்காமல், பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்றில் அடித்துப் பார்த்து, அழுத்தமும் தூரமும் கைக்குப் பிடிபட்டபின் தொடங்குங்கள். உலர்ந்த நாளில் கேபினெட்டில் நிலைமின்சாரம் சேர்ந்து விரலில் சுரீரென்று கடிக்கும். கேபினெட்டின் உடலிலிருந்து ஒரு கம்பியைத் தரையிணைப்புக்கு இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

13. செய்து முடித்தேன். திட்டுத் திட்டாக, சில இடம் வெளிச்சமாகவும் சில இடம் இருட்டாகவும் இருக்கிறது. ஏன்?

காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு, விழுந்துகொண்டிருந்த அழுத்தம் (7ஆம் பதில்), தேய்ந்த மணிகள் இவற்றில் ஒன்று. மணிகள் பல சுற்றுக்குப் பின் உடைந்து தூளாகும். பாதி உருண்டையும் பாதி சில்லுமாக இருக்கும் கலவை சீரான பரப்பைத் தராது. புதிய மணி போட்டு, எண்ணெய் நீக்கி, முழுப் பாகத்தையும் மீண்டும் ஒரு முறை அடியுங்கள். திட்டு உள்ள இடத்தை மட்டும் அடித்துச் சரிசெய்யப் பார்த்தால் திட்டு இடம் மாறுமே தவிரப் போகாது.

14. முடித்தபின் எப்படிக் கழுவுவது?

டேப்பையும் அடைப்பான்களையும் எடுக்கும் முன்பே காற்றால் ஊதிவிடுங்கள்; எடுத்தபின் ஊதினால் வெளியே இருக்கும் மணிகளை நீங்களே உள்ளே தள்ளுவீர்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த சுடுநீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மீண்டும் ஊதி, மீண்டும் கழுவுங்கள். சுத்தம் என்று நினைத்தபின் வெள்ளைத் துணியின் மேல் பாகத்தைத் தட்டிப் பாருங்கள். ஒரு மணி விழுந்தாலும் திரும்பவும் கழுவ வேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் இந்த வேலை பாதியாகும்.

15. இரண்டு வாரத்தில் செம்புள்ளிகள் வந்துவிட்டன. ஸ்டெயின்லெஸ் எப்படித் துருப்பிடிக்கும்?

எஃகில் சுமார் 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் இருந்தால் அது காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. காப்பது அந்தப் படலம்தான். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் 12.8 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகை உருக்கியதே, துப்பாக்கிக் குழல்கள் உள்ளே அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடியபோதுதான். பரப்பில் அந்நிய இரும்புத் துகள் பதிந்தால் அந்த இடத்தில் படலம் இல்லை. அங்கே முதலில் துருப்பிடிப்பது அந்நிய இரும்புதான்.

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே சாதாரண எஃகை அடித்த மணியிலிருந்து. என் முதல் துப்பாக்கி வேலையில் நானே செய்த தவறு இது: கராஜில் கார் பாகங்களுக்கு அடித்த மணியையே போட்டேன், பத்தே நாளில் ஸ்லைடு முழுக்கக் குங்குமப் பொட்டுகள். ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் தனி மணி வாங்கி, கேபினெட்டை முழுவதும் துடைத்தபின் போடுங்கள். எஃகுக் கம்பிப் பிரஷ்ஷும் எஃகு நாரும் இதே தீமையைச் செய்யும்.

16. சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், இதற்குப் பாஸிவேஷன் என்று பெயர். அமிலம் அந்நிய இரும்பைக் கரைத்துவிடுகிறது, குரோமியப் படலம் தானே மீண்டும் உருவாகிறது. ஏஎஸ்டிஎம் ஏ967 என்ற தரநிலை, எடையில் 4 முதல் 10 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலில், 21 முதல் 49 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 20 நிமிடம் என்றொரு முறையைத் தருகிறது. வீட்டுக்கு ஏற்றது அதுதான். காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். குழாய் நீரின் குளோரைடு ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எதிரி.

ஆனால் 416 வகை எஃகில், கடைசல் எளிதாக இருப்பதற்காகக் கந்தகம் சேர்த்திருப்பார்கள். அமிலம் அந்தக் கந்தகச் சேர்மங்களைத் தாக்கிப் பரப்பைக் கருக்கிவிடக்கூடும். ஆகவே கரைசல் குறைந்த செறிவில் இருக்கட்டும், முதலில் வெளியே தெரியாத சிறு பாகம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், கருத்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிங்குகளையும் சாதாரண எஃகு ஊசிகளையும் சேர்த்துப் போடாதீர்கள். ஊறியபின் நன்றாக அலசி, சமையல் சோடாக் கரைசலில் ஒரு முறை முக்கி, மீண்டும் அலசிச் சூடான காற்றில் உலர்த்துங்கள். நைட்ரிக் அமில முறை பட்டறைகளுக்கு உரியது. கராஜில் அதைத் தொட வேண்டாம். வீட்டில் கிடைக்கும் பிளீச்சும் கழிவறை அமிலமும் குளோரின் சார்ந்தவை என்பதால் அவை பரப்பைக் குழிபறித்துவிடும்.

புதிய மணியால், சுத்தமான கேபினெட்டில் அடித்திருந்தால் இந்த ஊறல் கட்டாயமில்லை. படலம் காற்றிலேயே உருவாகிவிடும்.

17. கைபட்ட இடமெல்லாம் கறுப்பாக ரேகை பதிகிறது. என்ன செய்வது?

குழிகள் நிறைந்த பரப்பு எண்ணெயைப் பஞ்சு போல உறிஞ்சும். புதிதாக அடித்த முதல் சில நாள் இது எல்லோருக்கும் நடக்கும். முதல் நாளே பரப்பு முழுவதும் மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் தடவி, ஓர் இரவு விட்டுத் துடையுங்கள். நிறம் ஒரு நிழல் இருளும், அதன்பின் ரேகை தனியே தெரியாது. வியர்வை அதிகம் உள்ளவர்கள் ஒவ்வொரு முறை எடுத்துவைக்கும்போதும் துடைக்க வேண்டும், ஏனென்றால் வியர்வையின் உப்பும் குளோரைடுதான்.

18. உலோகம் தேய்ந்து பாகங்கள் லூசாகிவிடுமா?

மறைக்க வேண்டியவற்றை மறைத்திருந்தால் ஆகாது. கண்ணாடி மணி எடுக்கும் உலோகம் மிக மிகக் குறைவு. ஒரே இடத்தில் ஆக்சைடை நிறுத்தி அடித்தால்தான் கூர்மையான ஓரங்கள் மழுங்கும், எழுத்துகள் ஆழம் குறையும்.

19. பூட்டிவிட்டேன். நேராகச் சுடப் போகலாமா?

முதலில் மேகசினும் தோட்டாவும் இல்லாமல் ஸ்லைடைப் பலமுறை இழுத்துப் பாருங்கள்; அரைபடும் சத்தம் கேட்டால் மீண்டும் கழற்றுங்கள், உள்ளே மணி இருக்கிறது. பாதுகாப்பு விசை போட்ட நிலையில் டிரிகர் இயங்கவில்லையா, ஃபயரிங் பின் தடையின்றி முன்பின் போய்வருகிறதா, ரிவால்வரில் ஒவ்வோர் அறையும் சரியாக நின்று பூட்டுகிறதா என்று போலித் தோட்டாவை வைத்துச் சோதியுங்கள். முதல் முறை சுடும் இடத்தில் மேகசினில் ஒன்று, பிறகு இரண்டு என்று போடுங்கள். ஒன்பதாம் பதிலில் சொன்ன சிக்கல் வெளிப்படுவதென்றால் இங்கேதான் வெளிப்படும். சிறு சந்தேகம் இருந்தாலும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

20. அப்பாவின் நண்பர் கொடுத்த பழைய ரிவால்வர். இதையும் புதிதாக்கலாமா?

சேகரிப்பாளர்கள் தேடும் மாடல் என்றால், தொழிற்சாலை மெருகு தேய்ந்திருந்தாலும் அதற்குத்தான் விலை. வீட்டில் மாற்றியது தெரிந்ததும் விலை விழும். புதிய துப்பாக்கியானால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நினைவுக்காக வைத்திருக்கும் பொருளில் உள்ள கீறல்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், எண்ணெய் போட்டுத் துடைத்து அப்படியே வைப்பேன்.

21. செய்தேன், பிடிக்கவில்லை. பழைய பளபளப்புக்குத் திரும்ப முடியுமா?

ஓரளவு முடியும். எந்தப் பூச்சும் இல்லாததால் ஸ்டெயின்லெஸ்ஸில் இந்த ஒரு சலுகை இருக்கிறது. தட்டையான பக்கங்களை 320, 400, 600 எண் தாள்களால், கட்டையைச் சுற்றி, ஒரே திசையில் இழுத்தால் பழைய கோட்டு மெருகு வந்துவிடும். வளைவுகளிலும் டிரிகர் வளையத்தின் உட்புறத்திலும் கையால் செய்வது நீண்ட வேலை. பலர் பக்கங்களை மட்டும் இழுத்து மெருகேற்றி, மேற்புறத்தையும் வளைவுகளையும் மங்கலாகவே விட்டுவிடுகிறார்கள். மேற்புறம் மங்கலாக இருந்தால் வெயிலில் சைட் பார்க்கும்போது கண் கூசாது. தொழிற்சாலைகளும் பல மாடல்களை இப்படித்தான் அனுப்புகின்றன. முழுவதும் மங்கலாக்கும் முன்பே இந்த இரட்டை மெருகை யோசித்திருந்தால், பக்கங்களை டேப்பால் மூடிவிட்டுப் பாதி வேலையிலேயே முடித்திருக்கலாம்.